ஷுஐப் நபியின் எச்சரிக்கை: தராசுக்காக ஒரு சமூகமே அழிந்ததா?

மளிகை வாசல் (இழையைத் தொடங்கியவர்):

அஸ்ஸலாமு அலைக்கும். பிற சமயச் சகோதரர்களுக்கு என் வணக்கம்.

நூஹ் நபி காலத்து வெள்ளம், ஆது கூட்டத்தாரை அழித்த காற்று, ஸமூது கூட்டத்தார் அறுத்த ஒட்டகம் எல்லாம் சிறு வயதிலேயே நமக்கு மனப்பாடம். ஷுஐப் நபியின் வரலாற்றுக்கு மட்டும் பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது. ‘மத்யன்வாசிகள் அளவை நிறுவையில் மோசடி செய்தார்கள், அல்லாஹ் அழித்துவிட்டான்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த நபிக்குப் போய்விடுகிறார்கள். அரிசியும் பருப்பும் நிறுத்து விற்றுப் பிழைக்கிற எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை.

குர்ஆனின் ஹூத் அத்தியாயத்தின் 84ஆம் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மத்யன்வாசிகளிடம் ஷுஐப் நபி பேசுகிறார். ‘என் சமூகத்தாரே, அல்லாஹ்வை வணங்குங்கள், அவனையன்றி உங்களுக்கு வேறு இறைவன் இல்லை’ என்கிறார். அதே மூச்சில் ‘அளவையிலும் நிறுவையிலும் குறைக்காதீர்கள்’ என்கிறார். ஏகத்துவத்துக்கும் கடைத் தராசுக்கும் நடுவில் வேறு பேச்சே இல்லை. அதைத் தொடர்ந்து, ‘நீங்கள் நல்ல வசதியோடு இருப்பதைக் காண்கிறேன், சூழ்ந்துகொள்ளும் ஒரு நாளின் வேதனை உங்கள்மீது வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்’ என்கிறார். ஆக, வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லாமல் குறைத்து நிறுத்தவர்கள் இல்லை அவர்கள். செழிப்பாக இருந்தவர்கள்.

என் கேள்வி இதுதான். மற்ற சமூகங்களின் குற்றங்களோடு வைத்துப் பார்த்தால், கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைப்பது கண்ணுக்கே தெரியாத குற்றம். அதற்கென்று ஒரு நபி ஏன் அனுப்பப்பட்டார்? அதற்காக ஓர் ஊர் ஏன் இருந்த இடம் தெரியாமல் போனது? விவரம் தெரிந்தவர்கள் நிதானமாக எழுதுங்கள்.


ஐயப்பாடு:

வணக்கம். நான் முஸ்லிம் இல்லை. குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்பை முழுமையாகப் படித்திருக்கிறேன், மரியாதையோடுதான் கேட்கிறேன்.

குறைத்து நிறுத்தவன் வியாபாரி. அவனிடம் ஏமாந்தவனும் அதே ஊர்க்காரன்தானே? பூமி அதிர்ந்தால் இருவர் வீடும் விழும். ஏமாற்றியவனுக்கும் ஏமாந்தவனுக்கும் ஒரே தண்டனை என்றால் அதில் நீதி எங்கே இருக்கிறது? எனக்கு இந்த வரலாற்றில் உறுத்துவது இந்த இடம்தான்.


ஓதிக்கொடுப்பவர்:

வ அலைக்குமுஸ்ஸலாம். நல்ல கேள்விகள். மதரஸாவில் இந்தப் பகுதியை ஓதிக்கொடுக்கும்போது மாணவர்களும் இதையேதான் கேட்பார்கள்.

முதலில் ஒரு விவரம். மத்யன்வாசிகளின் குற்றம் தராசோடு நிற்கவில்லை. அல்-அஃராஃப் அத்தியாயத்தின் 86ஆம் வசனத்தில் ஷுஐப் நபி ‘ஒவ்வொரு வழியிலும் உட்கார்ந்துகொண்டு மிரட்டாதீர்கள்’ என்கிறார். ஷுஐப் நபியைப் பார்க்க வந்தவர்களை மறித்து மிரட்டினார்கள் என்று விரிவுரையாளர்கள் சிலர் சொல்கிறார்கள். வணிகக் கூட்டங்களை மறித்துப் பொருள் பறித்தார்கள் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். கடையில் மறைவாகவும் சாலையில் வெளிப்படையாகவும் பிறர் பொருளைப் பறித்தவர்கள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஐயப்பாடு கேட்டதற்கு விடை அதே ஹூத் அத்தியாயத்தில் சற்றுத் தள்ளி இருக்கிறது. 117ஆம் வசனம்: ‘ஊர்வாசிகள் சீர்திருத்துபவர்களாக இருக்கும் நிலையில் உம் இறைவன் அவ்வூர்களை அநியாயமாக அழிப்பவன் இல்லை.’ ஹிஜ்ரி 671இல் மறைந்த இமாம் குர்துபீ இந்த வசனத்துக்கு எழுதியிருப்பதை ஒவ்வொரு வியாபாரியும் படிக்க வேண்டும். மக்கள் தங்களுக்குள் நியாயமாக நடந்துகொள்ளும்வரை, இணைவைத்தல் (அல்லாஹ்வோடு வேறொன்றையும் வணங்குதல்) ஒன்றுக்காக மட்டும் அல்லாஹ் இவ்வுலகில் ஒரு சமூகத்தை அழிப்பதில்லை என்று விளக்கிவிட்டு, அளவையிலும் நிறுவையிலும் குறைத்ததால் அழிந்த ஷுஐபின் சமூகத்தை எடுத்துக்காட்டுகிறார். மறுமைத் தண்டனை வேறு. இந்த உலகத்தில் ஓர் ஊர் அழிவது, மனிதன் மனிதனுக்குச் செய்யும் அநியாயம் ஊர் வழக்கமாகிவிடும்போது.

‘ஊர் வழக்கமாகிவிடும்போது’ என்பதில்தான் ஐயப்பாடு அவர்களின் கேள்விக்கு விடை இருக்கிறது. ஒருவன் மட்டும் குறைத்து நிறுத்தால் அவன் திருடன். எல்லோரும் குறைத்து, கண்டிப்பவனை எல்லோரும் சேர்ந்து விரட்டினால், அங்கே ஏமாந்தவன் என்று தனியாக யார் மிஞ்சுவார்? இக்கடையில் ஏமாந்தவன் தன் கடைக்குப் போய் அடுத்தவனை ஏமாற்றுகிறான். அதைச் செய்யாமல் விலகி நின்றவர்கள் அழியவில்லை. ‘ஷுஐபையும் அவரோடு நம்பிக்கை கொண்டவர்களையும் நம் அருளால் காப்பாற்றினோம்’ என்று 94ஆம் வசனம் தெளிவாகச் சொல்கிறது.


பழைய மண்டி:

மளிகை வாசல் தம்பிக்கும் ஓதிக்கொடுப்பவர் ஹஜ்ரத்துக்கும் ஸலாம். தானிய வியாபாரத்தில் தலை நரைத்தவன் நான். அல்-முதஃப்பிஃபீன் அத்தியாயத்தின் முதல் மூன்று வசனங்களை ஓதும்போதெல்லாம் எனக்கு மரப்படிதான் கண்முன் வருகிறது. ‘மக்களிடமிருந்து அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்குகிறார்கள், அவர்களுக்கு அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைக்கிறார்கள்.’

அந்தக் காலத்தில் களத்துமேட்டில் விவசாயியிடம் நெல் வாங்கும்போது படி கோபுரமாகக் குவியும். ஓரங்களில் வழிந்து கீழே விழுகிற நெல்லும் வாங்குகிறவன் சாக்குக்கே போகும். அதே படியால் கடையில் விற்கும்போது ஒரு குச்சியை எடுத்து விளிம்போடு விளிம்பாகத் தலை தட்டிவிடுவார்கள். அளப்பவனின் பெருவிரல் படிக்குள்ளே இருக்கும். படி ஒன்றுதான், முத்திரையும் சரியாகத்தான் இருக்கும். அதிகாரி வந்து பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாது. வாங்கும்போது ஒரு கை, விற்கும்போது ஒரு கை. கைத்தராசு வந்த பிறகு தட்டின் அடியில் புளியை ஒட்டினார்கள். இவற்றைச் செய்தவர்கள் யாரும் கொடியவர்கள் இல்லை; வீட்டில் நல்ல தகப்பன், ஊரில் நல்ல பெயர். அதனால்தான் சொல்கிறேன், மத்யன்வாசிகளை ஏதோ கொம்பு முளைத்தவர்களாக நினைத்துப் படிக்காதீர்கள்.


யோர்தான்கரை:

கிறிஸ்தவன் ஒருவன் இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். மத்யன் என்று நீங்கள் சொல்வதை எங்கள் வேதாகமம் மீதியான் என்கிறது. மோசே எகிப்திலிருந்து தப்பி ஓடிவந்து தங்கிய நாடு.

இந்த விவாதத்துக்குப் பயன்படக்கூடிய ஒரு செய்தி உண்டு. அந்தக் காலத்தில் அச்சடித்த நாணயம் கிடையாது. நாணயம் புழக்கத்துக்கு வந்ததே கிறிஸ்துவுக்கு முன் ஏழாம் நூற்றாண்டை ஒட்டித்தான், அதுவும் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில். அதற்கு முன்பு வெள்ளியை நிறுத்துத்தான் கொடுப்பார்கள். ஆபிரகாம் தம் மனைவி சாராளை அடக்கம் செய்ய நிலம் வாங்கியபோது நானூறு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார் என்று ஆதியாகமம் 23ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆகவே எடைக்கல்லில் கைவைத்தவன் அரிசியில் மட்டும் கைவைக்கவில்லை, பணத்திலேயே கைவைத்தான். இன்றைய கணக்கில் அது கள்ளநோட்டு அடிப்பதற்குச் சமம். அதைச் சிறு குற்றம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு விதக் கற்களை வைத்திருக்கக் கூடாது என்று உபாகமம் 25ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. பெரியவர் சொன்ன இரண்டு கைகள் அங்கே இரண்டு கற்கள். ஆமோஸ் தீர்க்கதரிசியின் 8ஆம் அதிகாரத்தில் இன்னும் சுடுகிற ஓர் இடம் இருக்கிறது. ஓய்வுநாள் எப்போது முடியும், தானியத்தை எப்போது விற்கலாம், மரக்காலைக் குறைத்து நிறைகல்லைக் கூட்டி எப்போது வஞ்சிக்கலாம் என்று காத்திருக்கிறார்களே என்று அவர் குமுறுகிறார். வழிபாட்டு நாளிலேயே மோசடியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம்: மோசேயின் மாமனார் எத்திரோவும் உங்கள் ஷுஐப் நபியும் ஒருவர்தானா?


ஓதிக்கொடுப்பவர்:

நல்ல செய்தி சொன்னீர்கள், யோர்தான்கரை. ‘எங்கள் செல்வத்தில் எங்கள் விருப்பப்படி செய்யக் கூடாதா’ என்று ஹூத் 87இல் மத்யன்வாசிகள் கேட்டார்களே, அதற்கு ஸைத் இப்னு அஸ்லம் போன்ற முற்காலத்தவர் காசுகளின் ஓரத்தை வெட்டியெடுத்ததைத்தான் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். தங்கள் காலத்துத் தீனார், திர்ஹம் மொழியில் அவர்கள் சொன்னாலும், பணத்தின் எடையிலேயே கைவைத்தார்கள் என்கிற செய்தி நீங்கள் சொன்னதோடு பொருந்துகிறது.

எத்திரோ பற்றி: மூஸா நபி (நீங்கள் சொல்லும் மோசே) மத்யனுக்கு வந்ததும், கிணற்றருகே ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்ததும், அவர்களுடைய முதிய தந்தை தம் மகளை மணமுடித்துக் கொடுத்ததும் அல்-கஸஸ் அத்தியாயத்தில் இருக்கின்றன. அந்த முதியவரின் பெயரைக் குர்ஆன் சொல்லவில்லை. அவர் ஷுஐப் நபிதான் என்பது மக்களிடையே பரவலான கருத்து; இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள் அதை மறுத்திருக்கிறார்கள். மறுப்பவர்கள் காட்டும் சான்று இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. ‘லூத்தின் சமூகம் உங்களுக்குத் தூரமில்லை’ என்று ஷுஐப் நபி எச்சரிக்கிறார். லூத் நபி இப்ராஹீம் நபியின் காலத்தவர். மூஸா நபியோ பல தலைமுறைகளுக்குப் பிற்பட்டவர். நான் மறுப்பவர்கள் பக்கம். ஆனால் இதில் யாரோடும் சண்டை பிடிக்கமாட்டேன்.


தபூக் வாசி:

‘தூரமில்லை’ என்ற சொல்லை ஹஜ்ரத் எடுத்ததால் எழுதுகிறேன். வேலை நிமித்தம் சவூதியின் வடமேற்குப் பகுதியில் இருக்கிறேன். அகபா வளைகுடாவை ஒட்டிய அல்-பதஃ என்ற சிற்றூர்ப் பக்கம்தான் பழைய மத்யன் என்று சொல்கிறார்கள். பாறைகளைக் குடைந்து செய்த அறைகளை ஊர்மக்கள் ‘ஷுஐபின் குகைகள்’ என்கிறார்கள். பயணக் காணொளிகளில் ‘அழிக்கப்பட்ட மக்களின் வீடுகள்’ என்று இவற்றைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அது சரியில்லை. அவை நபதேயர்கள் என்ற பழங்கால அரபு மக்கள் குடைந்த கல்லறைகள். ஷுஐப் நபியின் காலத்துக்கு மிகவும் பிந்தியவை. ஷுஐபின் மக்களைப் பற்றிக் குர்ஆன் சொல்வது ‘அங்கே வாழ்ந்தே இராதவர்களைப் போல் ஆனார்கள்’ என்பதுதான். அப்படியிருக்க, அவர்களுடைய வீட்டுவாசலை நாம் தேடிக் காட்ட வேண்டிய தேவை என்ன?

இடத்தைப் பார்த்தால் ஒன்று புரியும். யமன் பக்கமிருந்து ஷாம் நாட்டுக்கும் (சிரியா வட்டாரம்) எகிப்துக்கும் போகிற வணிகக் கூட்டங்கள் தொட்டுச் செல்லும் வட்டாரம் இது. வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் வேண்டும், தீவனம் வேண்டும், தானியம் வேண்டும். ஒருநாள் தங்கிவிட்டுப் போகிறவன் குறைத்து நிறுத்ததைக் கண்டுபிடித்தாலும் திரும்பி வந்து சண்டை போடமாட்டான். மோசடி இங்கே செழித்ததில் வியப்பில்லை. அல்-ஹிஜ்ர் அத்தியாயத்தின் 79ஆம் வசனம், அய்காவாசிகளின் (ஷுஐப் நபி எச்சரித்த மக்களுக்குக் குர்ஆனில் வரும் இன்னொரு பெயர்) ஊரும் லூத் நபியின் ஊரும் தெளிவான ஒரு பாதையில் இருக்கின்றன என்கிறது. மக்காவின் வணிகர்கள் ஷாமுக்குப் போகும்போது இந்தத் திசையைக் கடந்துதான் போனார்கள்.


ஐயப்பாடு:

ஓதிக்கொடுப்பவரின் விளக்கம் ஓரளவுக்கு ஏற்புடையதாக இருக்கிறது. இன்னொரு கோணத்தில் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

‘ஷுஐபே, எங்கள் மூதாதையர் வணங்கியதை நாங்கள் விட்டுவிட வேண்டும் என்றும், எங்கள் செல்வத்தில் எங்கள் விருப்பப்படி செய்யக் கூடாது என்றும் உம்முடைய தொழுகையா உமக்குக் கட்டளையிடுகிறது?’ என்று அவர்கள் கேட்டதாக ஹூத் 87ஆம் வசனம். இன்றைக்கும் ஒரு நியாயமான மனிதன் இதே கேள்வியைக் கேட்கமாட்டானா? உன் வழிபாடு உன்னோடு, என் பணம் என்னோடு. ஒரு மதபோதகர் என் கடைக்குள் வந்து கணக்குக் கேட்டால் நானும் இப்படித்தான் சொல்வேன்.


வைகறை:

இந்த இழைக்காகத்தான் காத்திருந்தேன். பள்ளியில் வரலாறு நடத்துகிறவள் நான். ஐயப்பாடு அண்ணனின் கேள்விக்கு நேரடியாக வருகிறேன்.

ஷுஐப் நபி அவர்களிடம் என்ன கேட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். வரி கேட்கவில்லை. செல்வத்தைப் பகிர்ந்து கொடுக்கச் சொல்லவில்லை. தமக்குக் கூலியும் கேட்கவில்லை. ‘இதற்காக உங்களிடம் நான் கூலி எதுவும் கேட்கவில்லை’ என்று அஷ்-ஷுஅரா 180இல் சொல்லிவிடுகிறார். லாபம் வைக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. ‘அல்லாஹ் மீதம் வைப்பதே உங்களுக்குச் சிறந்தது’ என்கிறார். நேர்மையாக அளந்த பிறகு கையில் நிற்கிற லாபம் உங்களுடையது, அதுவே போதும் என்பதுதான் அதன் பொருள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: காசு வாங்கிய அளவுக்குப் பொருளைக் கொடுங்கள். ‘என் பணம், என் விருப்பம்’ என்று அவர்கள் சொன்னபோது அந்தப் பணத்தில் ஒரு பங்கு வாடிக்கையாளனுடையது. அடுத்தவன் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற சுதந்திரம் அது. ஒருவர் சமயம் பேசி உங்கள் கடைக்குள் நுழைவது வேறு. ஏமாந்தவன் சார்பாக ஒருவர் வாசலில் நிற்பது வேறு.

அந்தக் கேள்வியின் முடிவில் ‘நீர்தான் மிகவும் பொறுமைசாலி, நேர்மையாளர்’ என்று சேர்க்கிறார்கள். கிண்டல்தான். அவரோ கிண்டலுக்குக் கிண்டல் சொல்லவில்லை. ‘நான் எதை உங்களுக்குத் தடுக்கிறேனோ அதை உங்களுக்கு மாறாக நானே செய்ய விரும்பவில்லை. என்னால் இயன்றவரை சீர்திருத்தத்தையே நாடுகிறேன்’ என்கிறார். நபிமார்களின் பேச்சாளர் என்று அவருக்குப் பெயர் வந்ததற்கு இந்த ஒரு பதில் போதும். தம் கையில் இருப்பதும் அதே தராசுதான் என்று காட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் நூஹ், ஹூத், ஸாலிஹ், லூத் என்று அழிந்த சமூகங்களைப் பெயர்பெயராகச் சொல்லி எச்சரிக்கிறார்.

நாங்கள் வகுப்பில் ஒரு நூலை எடுத்தால், இது முதலில் யாருக்குச் சொல்லப்பட்டது என்று கேட்போம். ஹூத் அத்தியாயம் மக்காவில் இறங்கியது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மக்காவின் குறைஷி குலத்தார். குளிர்காலத்தில் ஒரு பயணம், கோடையில் ஒரு பயணம் என்று வாணிபத்தால் வாழ்ந்தவர்கள். கஅபாவின் காவலர்கள் என்ற மரியாதையும் அவர்களுக்கு இருந்தது. அவர்களுக்கு முன்னால் ஓதப்படுகிற வரலாற்றில், செழிப்பான வணிகர்கள் தங்கள் ஊர் நபியைப் பார்த்து ‘உம் குடும்பத்தார் மட்டும் இல்லாவிட்டால் உம்மைக் கல்லால் அடித்தே கொன்றிருப்போம்’ என்று சொல்கிறார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை அன்றைக்குக் காத்து நின்றது எது? அவருடைய தந்தையின் சகோதரர் அபூதாலிபும், அவர்களுடைய ஹாஷிம் குலமும். குறைஷிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல யாரும் தேவைப்பட்டிருக்காது. தங்கள் பேச்சையே ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வாய்களிலிருந்து கேட்டிருப்பார்கள்.

அஃராஃபில் இன்னொரு மிரட்டல்: ‘ஷுஐபே, உம்மையும் உம்மோடு நம்பிக்கை கொண்டவர்களையும் எங்கள் ஊரைவிட்டு வெளியேற்றிவிடுவோம், அல்லது எங்கள் மார்க்கத்துக்குத் திரும்ப வேண்டும்.’ அவர் கேட்ட எதிர்க்கேள்வியைப் பாருங்கள்: ‘நாங்கள் வெறுத்தாலுமா?’ எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மிகவும் பிடித்த சொற்கள் இவை. உன் நம்பிக்கை உன்னோடு என்று ஐயப்பாடு அண்ணன் சொன்ன உரிமையை அந்த ஊரில் கேட்டவர் ஷுஐப் நபி. மறுத்தவர்கள் மத்யனின் பெரிய மனிதர்கள்.


மளிகை வாசல்:

வைகறை சகோதரி, அல்லாஹ் உங்கள் அறிவில் பரக்கத் செய்யட்டும். ‘உம் தொழுகையா கட்டளையிடுகிறது’ என்ற கேள்வியைப் பல தடவை ஓதியிருக்கிறேன். கேட்டவர்கள் வாய்தவறி ஓர் உண்மையைச் சொல்லிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆமாம், தொழுகைதான் கட்டளையிடுகிறது. கட்டளையிடாத தொழுகையை யார்தான் எதிர்ப்பார்கள்? ஷுஐப் நபி ஒரு மூலையில் தொழுதுகொண்டிருந்தால் மத்யன்வாசிகள் அவருக்கு ஒரு பள்ளிவாசலே கட்டிக் கொடுத்திருப்பார்கள்.


கணக்குப்பிள்ளை:

தராசை அரிசி, பருப்போடு நிறுத்திவிடாதீர்கள் ஐயா. அஃராஃப் 85இல் ‘மக்களுக்குரிய பொருள்களைக் குறைக்காதீர்கள்’ என்று பொதுவாகவே வருகிறது. ஊழியரிடம் பத்து மணி நேரம் வேலை வாங்கிக்கொண்டு எட்டு மணி நேரத்துக்குக் கூலி கொடுப்பது குறைத்து நிறுப்பது இல்லையா? எட்டு மணி நேரத்துக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஐந்து மணி நேரம் உழைப்பது? பெரிய இனிப்புக் கடை ஒன்றில் அண்மையில் பார்த்தேன். கனமான அட்டைப்பெட்டியைத் தராசில் வைத்து, எண் பூஜ்யத்துக்கு வருவதற்கு முன்பே இனிப்பை அடுக்கத் தொடங்கிவிட்டார் பையன். நெய் மிட்டாய் விலைக்கு அட்டை விற்கிறது. மின்னணுத் தராசு ஒரு கிராம்கூடத் தப்பாமல் காட்டுகிறது. தராசின்மீது எதை வைப்பது என்பது மனிதன் கையில் இருக்கிறதே.


பழைய மண்டி:

கணக்குப்பிள்ளை சொல்வதில் நியாயம் இருந்தாலும் எனக்கு ஒரு பயம் உண்டு. கூலியும் தராசு, நேரமும் தராசு, அன்பும் தராசு என்று விரித்துக்கொண்டே போனால் கடைசியில் உண்மையான தராசு கண்ணில் படாமல் போய்விடும். ஜும்ஆவில் எல்லோரும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடையைத் திறந்ததும் பழைய கல்லையே எடுத்துவைப்பார்கள். ஷுஐப் நபி சுற்றிவளைத்துப் பேசவில்லை. படியைச் சொன்னார், கல்லைச் சொன்னார். நாமும் அதையே சொல்வோம்.


ஓதிக்கொடுப்பவர்:

இருவர் சொல்வதற்கும் ஆதாரம் உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அஸர் (மாலைநேரத்) தொழுகை முடிந்து வரும்போது ஜமாஅத்துக்கு (கூட்டுத் தொழுகைக்கு) வராத ஒருவரைச் சந்தித்தார்கள். அவர் ஏதோ காரணம் சொல்ல, ‘நீர் அளவைக் குறைத்துவிட்டீர்’ என்றார்கள். இமாம் மாலிக்கின் முவத்தா என்ற ஹதீஸ் தொகுப்பில் இது பதிவாகியிருக்கிறது. ஆகவே விரித்துப் பொருள்கொள்வதற்கு வழி இருக்கிறது.

பழைய மண்டி பெரியவரின் பக்கமும் வலுவானது. நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அவ்வூர் மக்கள் அளவையில் மிகவும் மோசமானவர்களாக இருந்தார்கள் என்றும், அல்-முதஃப்பிஃபீன் வசனங்கள் இறங்கிய பிறகு நன்றாக அளக்கத் தொடங்கினார்கள் என்றும் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். இதை மத்யனுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோய் ஒன்றுதான். ஓர் ஊர் எச்சரித்தவரை விரட்டப் பார்த்தது. இன்னோர் ஊர் படியைத் திருத்திக்கொண்டது. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருந்ததைக் கண்டு கண்டித்ததும், நிறுப்பவரிடம் ‘எடை போடு, சற்றுத் தாழவே நிறு’ என்று சொன்னதும் நாம் அறிந்தவை. விற்பவன் பொருள் வைக்கும் தட்டு தாழ வேண்டும்.


தபூக் வாசி:

ஹஜ்ரத், ஒரு சந்தேகம். அஃராஃபில் பூகம்பம் என்று வருகிறது, ஹூதில் பேரிடி முழக்கம், ஷுஅராவில் மேகநிழல் நாளின் வேதனை. மூன்றில் எது?


ஓதிக்கொடுப்பவர்:

குர்ஆன் விரிவுரையாளர் இப்னு கஸீர் அழகாகச் சொல்கிறார். மூன்றும் நடந்தன, ஒவ்வோர் அத்தியாயமும் அங்குள்ள பேச்சுக்குப் பொருத்தமானதை எடுத்துச் சொல்கிறது. ஊரைவிட்டு வெளியேற்றுவோம் என்று நபியை நடுங்கவைக்கப் பார்த்தவர்களுக்கு அஃராஃபில் நிலம் நடுங்கியது. தொழுகையைக் கிண்டல் செய்தவர்களின் வாயை ஹூதில் ஒரு முழக்கம் அடைத்தது. ‘வானத்திலிருந்து துண்டுகளை எங்கள்மீது விழச்செய்’ என்று சவால் விட்டவர்களுக்கு ஷுஅராவில் வானத்திலிருந்தே வந்தது. அய்காவாசிகளும் மத்யன்வாசிகளும் வெவ்வேறு சமூகத்தார், ஷுஐப் நபி இருவருக்கும் அனுப்பப்பட்டார் என்ற கருத்தும் உண்டு. இரண்டு இடத்திலும் அளவை நிறுவையைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றாகவே இருப்பதால் ஒரே சமூகம் என்பதே இப்னு கஸீரின் முடிவு.


ஐயப்பாடு:

நன்றி. ‘நாங்கள் வெறுத்தாலுமா’ என்ற இடத்தை வைகறை காட்டும்வரை நான் கவனித்ததில்லை. இன்னும் முழுதாக உடன்பட்டுவிட்டேன் என்று சொல்லமாட்டேன். இயற்கைச் சீற்றத்தைத் தண்டனையாகப் பார்ப்பதில் எனக்கு உள்ள தயக்கம் அப்படியே இருக்கிறது. இன்று எங்கேயாவது நிலம் அதிர்ந்தால் ‘அவர்கள் பாவிகள்’ என்று உடனே எழுதுகிறவர்களைப் பார்த்து மனம் வெறுத்திருக்கிறேன்.


வைகறை:

அந்த வெறுப்பு எனக்கும் உண்டு அண்ணா. வஹீ (இறைச்செய்தி) வந்த நபி சொல்வது ஒன்று. கைப்பேசியை வைத்துக்கொண்டு நாம் தீர்ப்பு எழுதுவது வேறொன்று. நமக்கு அந்த அதிகாரத்தை யாரும் தரவில்லை. ஷுஐப் நபிகூட அழிவை ஆவலோடு எதிர்பார்த்துப் பேசவில்லை. மிரட்டலுக்கு நடுவிலும் ‘உங்கள் இறைவனிடம் மன்னிப்புக் கேளுங்கள், அவன் பக்கம் திரும்புங்கள், என் இறைவன் பேரருளாளன், பேரன்புடையவன்’ என்று ஹூத் 90இல் சொல்கிறார். வதூத் (பேரன்புடையவன்) என்ற அந்தத் திருப்பெயர் குர்ஆனில் இரண்டே இடங்களில் வருகிறது. அதில் ஒன்று இந்தக் கடைக்காரர்களிடம் சொல்லப்பட்டது.


மளிகை வாசல்:

அப்படியானால் ஹஜ்ரத்திடம் என் கடைசிக் கேள்வி. மத்யன்வாசி ஒருவன் அந்தப் பேச்சைக் கேட்டு அன்று மாலையே மனம் திருந்தினான் என்று வைத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாகக் குறைத்து நிறுத்தவன். ‘யா அல்லாஹ், மன்னித்துவிடு’ என்றால் போதுமா?


ஓதிக்கொடுப்பவர்:

போதாது. அல்லாஹ்வுக்கும் அவனுக்கும் இடையிலான கணக்கு மன்னிப்பால் தீரும். மனிதனுக்கு உரியது மனிதனிடம் போய்ச் சேர வேண்டும். யாரிடம் குறைத்தோம் என்று தெரிந்தால் அவரிடமே கொடுக்க வேண்டும், அல்லது அவர் மனமுவந்து விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும். தபூக் வாசி சொன்ன வழிப்போக்கர்களைப் போல ஆளே அடையாளம் தெரியாவிட்டால், தோராயமாகக் கணக்கிட்டு, குறைவாக மதிப்பிட்டு மீண்டும் அதே பாவத்தில் விழாமல், அந்தத் தொகையை அவர்கள் சார்பில் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்த தர்மத்தின் நன்மையைத் தனக்கென்று எண்ணக் கூடாது. அது பொருளுக்கு உரியவர்களுடையது. பின்னர் உரியவர் தேடி வந்து கேட்டால் மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கும்.


பழைய மண்டி:

ஹஜ்ரத், இதை அடுத்த ஜும்ஆவில் நீங்களே சொல்லுங்கள். வாரிசுகள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். மண்டியில் பலர் கேட்க நினைத்துக் கேட்காமல் இருக்கிறார்கள்.